ஈரக்கால் பூமிநாதன்

ராமநாதபுரம் சீமையின் வறண்ட பக்கத்தில் செங்கூருணி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கும் தண்ணீர்தான் வரும், உடையப்பன் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறும். கிணற்றினால் அவர் ஊராட்சித் தலைவரானாரா, தலைவர் என்பதால் அவர் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியதா என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. விடிந்தால் ஊரே குடத்தோடு அங்கே வந்து நின்றது. அவர் ஒருநாளும் வேலி அடைத்ததில்லை, யாரையும் திரும்பிப் போகச் சொன்னதில்லை. அந்தத் தண்ணீருக்கு ஒரு தனி ருசி இருந்தது. குடிக்கும்போது இனிக்கும், குடித்து முடித்த பிறகு நாக்கின் அடியில் லேசாகத் துவர்க்கும். பிழைக்கப் போன ஊரில் செங்கூருணிக்காரர்கள் எதைக் குடித்தாலும் இந்தத் துவர்ப்பைத் தேடிவிட்டு, இல்லையென்றதும் பேசாமல் சொம்பைக் கீழே வைப்பார்கள்.

பூமிநாதன் உடையப்பனின் தங்கச்சி மகன். தாயும் தகப்பனும் போன பிறகு மாமன் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். மாமனுக்கு ஒரே மகள் தமயந்தி, மதுரையில் நர்ஸ் வேலை பார்த்தாள். அதனால் ஊர்க் காரியம் முழுக்க மருமகன் தலையில்தான் விடிந்தது. தெருவிளக்கு எரியவில்லையென்றால் கம்பத்தில் ஏறியவன் அவன்தான், முதியோர் பென்ஷனுக்காக யூனியன் ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நின்றவன் அவன்தான், ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் படியேறியவனும் அவன்தான். மாலை மட்டும் மாமன் கழுத்தில் விழுந்தது. ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் உடையப்பன் அந்த மாலையைக் கழற்றியபடியே, அடுத்த தடவை நீதான்டா மாப்ள என்பார். பூமிநாதன் அதை நம்பினான். நம்பி நம்பி அவனுக்குக் காதோரம் நரைத்தது. அவன் மனைவி செண்பகவல்லி, தலைவர் சம்சாரம் என்று தன்னை யாராவது கூப்பிடுவதை அடுப்படியில் நின்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்து, அந்தச் சொல்லையே நாக்கில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷமும் தேர்தல் வந்தது. உடம்பு நல்ல தெம்பாக இருப்பதாகவும், இந்த ஒரு தடவை மட்டும் தானே நின்றுகொள்வதாகவும், அதற்கப்புறம் கண்டிப்பாக மருமகன்தான் என்றும் உடையப்பன் சொன்னார். பூமிநாதன் சரி மாமா என்றுதான் சொன்னான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனுக்கு முன்னால் செண்பகவல்லி சோற்றுத் தட்டை வைத்தாள்.

"அவரா எந்திரிச்சு எடம் விடுவார்னு நெனைக்கிறீகளா?" என்று கேட்டாள். "அவரு உக்காந்திருக்க வரைக்கும் நீங்க நின்னுக்கிட்டேதான் இருக்கணும்."

மறுநாள் உச்சிவெயிலில் உடையப்பன் கிணற்றில் குளிக்க இறங்கினார். ஊர் வீட்டுக்குள் அடங்கியிருந்த நேரம். செண்பகவல்லி மேலே துண்டும் சாப்பாட்டுத் தூக்குமாக நின்றாள். பூமிநாதன் கிணற்றுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கல்படியில், தண்ணீருக்கு மேலே நின்றான். கிழவர் முங்கி முங்கிக் குளித்து, தேர்தலுக்கு யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே படிக்கு வந்து, கையக் குடு மாப்ள என்று கையை நீட்டினார். பூமிநாதன் அண்ணாந்து மனைவியைப் பார்த்தான். அவள் செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, யாரும் வருகிறார்களா என்று பாதையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவன் கையைக் கொடுக்காமல் வலது காலைத் தூக்கி மாமனின் நரைத்த தலைமேல் வைத்து அழுத்தினான். உடையப்பன் முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தண்ணீருக்குள் போய்க் குமிழியாக வந்தது. குமிழி நிற்கும்வரை பூமிநாதன் காலை எடுக்கவில்லை. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

வயதானவர், வெயில், வழுக்கல் படி என்று ஊர் பேசிக்கொண்டது. தமயந்தி வந்து அழுதாள், காரியம் முடிந்து போனாள். பிரேதம் கிடந்த கிணறு என்பதால் இரண்டு எஞ்சினை வைத்துக் கிணற்றை இறைத்து விட்டார்கள். அடிப்பாறை தெரியும்வரை இறைத்தார்கள். புதுத் தண்ணீர் ஊறட்டும் என்று காத்திருந்தார்கள். ஊறவில்லை. செங்கூருணியின் ஒரே நல்ல ஊற்று அதோடு கண்ணை மூடிக்கொண்டது, அந்த வருஷம் மழையும் வரவில்லை.

மாமன் கையால் வளர்ந்தவன் என்று ஊர் பூமிநாதனுக்கு ஓட்டுப் போட்டது. ஜெயித்த அன்று அவன் மாலையோடு வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் சிமெண்டுத் தரையில் ஈரக்கால் தடம் பதிந்திருந்ததைச் செண்பகவல்லி பார்த்தாள். இரண்டு காலுமில்லை, வலது கால் மட்டும். பழந்துணி எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி ஊறியது. கால் கழுவினீர்களா என்று கேட்டாள், அவன் இல்லை என்றான். அன்றிலிருந்து அவன் முன்னே நடக்க அவள் துணியோடு பின்னே குனிந்து போவது அந்த வீட்டு வழக்கமாயிற்று. பூமிநாதன் ஷூ வாங்கிப் போட்டுப் பார்த்தான், ஷூ நிரம்பி வழிந்தது. பிளாஸ்டிக் பையை வைத்துக் கட்டினான், பை உடைந்தது. தரையில் சிமெண்டு பொரிந்து, பொரிந்த இடத்தில் புல் முளைத்தது.

பங்குனியில் புதுத் தலைவர் அய்யனார் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து போக வேண்டும் என்பது ஊர் முறை. அதைத் தட்ட முடியவில்லை. புழுதி சுடும் வெயிலில் மேளம் முன்னே போக, பின்னே அவன் பதித்த ஒவ்வொரு வலது கால் தடமும் முதலில் கறுத்து, பிறகு பளபளத்து, பிறகு விளிம்புவரை தண்ணீராக நிறைந்து நின்றது. முதலில் கண்டது ஆடுகள்தான். பஞ்சவர்ணம் என்ற விதவையின் வெள்ளாடுகள் ஓடிவந்து தடத்துக்கு ஓர் ஆடாக முட்டி போட்டுக் குடித்தன. மேளம் நின்றது. ஒரு பெண் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் குனிந்தாள், உள்ளங்கையில் அள்ளிக் குடித்தாள், குடித்துவிட்டு வெகுநேரம் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அடுத்தவள் குடித்தாள். அதற்கடுத்தவன் குடித்தான். குடித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு யாரோ வீட்டுக்கு ஓடிக் குடத்தை எடுத்து வந்தார்கள், எல்லாரும் ஓடினார்கள்.

சித்திரைக்குள் ஊர் அதற்கு ஒழுங்கு பண்ணிக்கொண்டது. காலையில் வடக்குத் தெரு, வெயில் தாழ்ந்ததும் தெற்குத் தெரு என்று தலைவர் நடந்தார். சிரட்டையால் மோந்து வேட்டித் துணியில் வடிகட்டினால் ஒரு துளி மண் தங்காது என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். மணல் தரையைவிடக் களிமண் தரையில் தடம் ஆழமாகப் பதிகிறது என்று ஆண்கள் கண்டுபிடித்து, வறண்டு கிடந்த ஊருணிக் குளத்தின் அடியில் களிமண் பரப்பி, அதில் அவரை வட்டமாக நடக்கவிட்டார்கள். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீடு ஊருணிக்கு எவ்வளவு பக்கம் என்று விசாரித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருநாளைக்கு மட்டும் தலைவரைத் தந்து அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார்கள், செங்கூருணி அவர்களுக்கு மோர் கொடுத்து வழியனுப்பியது. யூனியன் ஆபீஸிலிருந்து வந்தவர்கள் கேட்டபோது, பழைய பைப் லைன் எங்கேயோ கசிகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை ஒரே பதிலைச் சொன்னார்கள். தண்ணீருக்கு என்ன ருசி என்று மட்டும் யாரும் யாரிடமும் பேசவில்லை.

பூமிநாதன் இதை முதலில் தன் யோகம் என்றே எடுத்துக்கொண்டான். தலைவர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தோன்றியது. கட்சிக்காரர்கள் காதுக்கும் சேதி போய், சட்டசபைத் தேர்தலுக்கு ஆள் பார்ப்பதாகவும், மாவட்ட ஆபீஸுக்கு வந்து முகத்தைக் காட்டச் சொல்வதாகவும் தகவல் வந்தது. அவன் வெள்ளை வேட்டி கட்டி வாடகைக் காரில் ஏறினான். ஊர் எல்லையில் பாதையை மறித்துப் பெண்கள் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். கூச்சலில்லை, சண்டையில்லை. ஒரு கிழவன் மட்டும் கார் கதவைத் திறந்து, ரொம்பப் பிரியமாக அவன் கையைப் பிடித்து இறக்கினான்.

"நீங்க எங்கயும் போக வேணாம் தலைவரே," என்றான். "ஒங்களுக்கு என்ன வேணுமோ நாங்க கொண்டாந்து தாறோம்."

கார் திரும்பிப் போயிற்று. அதன்பிறகு பஸ் நிறுத்தத்தில் எப்போதும் யாராவது இரண்டு பேர் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஊருணிக்குள் செக்குமாடு மாதிரி சுற்றினான். களைத்து நின்றால் இளநீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், கால் அமுக்கிவிட்டார்கள், பிறகு மெதுவாக முதுகில் கை வைத்து மறுபடி நடக்க வைத்தார்கள். எந்த ஊரில் தலைவனாக ஆசைப்பட்டானோ அந்த ஊர் அவனைத் தலைவரே தலைவரே என்று கூப்பிட்டே ஓட்டிக்கொண்டு போயிற்று. நடக்கும்போது உள்ளங்காலுக்கு அடியில் மண் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. நனைந்த தலைமுடி மேல் நடப்பதாகவே தோன்றியது. ஒவ்வொரு அடியிலும் ஏதோ ஒன்று மேலே வரப் பார்த்தது.

செண்பகவல்லி அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினாள். ஊர் குடிக்கும் தண்ணீர் தன் வீட்டுத் தரையில் ஊறிக்கொண்டிருக்க, அவள் உப்புத் தண்ணீரில் சோறு வடித்தாள், பெட்டிக்கடையில் கலர் சோடா வாங்கிக் குடித்தாள், அதுவும் உள்ளே இறங்காமல் போனது. ஓயாமல் துணி பிழிந்து பிழிந்து அவள் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துவிட்டது. கை சுகமில்லாத அந்த நாட்களிலும் அவள் துடைப்பதை விடவில்லை. கணவன் இல்லாத இடத்தையும் துடைத்தாள், சுவரைத் துடைத்தாள், வாசல்படியைத் துடைத்தாள். ஒருநாள் காலையில் துணியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு ஊருணிக்கு நடந்தாள். வடக்குத் தெருப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே பூமிநாதன் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் வரிசையின் நடுவில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் சொன்னாள்.

"இது மாமா கெணத்துத் தண்ணி. ஒருத்திக்குக்கூடவா தெரியல?"

சிரட்டைகள் நின்றன. பூமிநாதன் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டான். பஞ்சவர்ணம் வரிசையை விட்டு வந்து செண்பகவல்லியின் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் தெரியும் தாயி," என்றாள். "வாயில வச்ச அன்னைக்கே தெரியும். நான் அதுக்கு முன்னயே பாத்தேன். அன்னைக்கு மத்தியானம் கெணத்து மேட்டு உடைமரத்து நெழல்ல என் ஆடுக நின்னுச்சு, நானும் நின்னேன். நீ பாதையத்தான் பாத்த, எம்பக்கம் திரும்பல." பிறகு அவள் தோளைப் பிடித்து ஊர்ப்பக்கம் திருப்பிவிட்டு, "வீட்டுக்குப் போ. வெயில் ஏறுது," என்றாள்.

வரிசை மறுபடி நகர்ந்தது. நின்றிருந்த பூமிநாதனைப் பார்த்து, நடங்க தலைவரே என்றது ஒரு குரல். அவன் நடந்தான்.

அன்றைக்குப் பிறகு செண்பகவல்லி எழுந்திருக்கவில்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போய், பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கத்திரி வெயில் முடிவதற்குள் காய்ந்த சுள்ளி மாதிரி அடங்கிப்போனாள். சுடுகாட்டில் கொள்ளிக்குடம் ஏந்திச் சிதையைச் சுற்றப் போன பூமிநாதனின் தடத்திலிருந்து ஊறிய தண்ணீர் அடிக்கட்டையை நனைத்தது, விராட்டியை நனைத்தது, தீ பிடிக்காமல் புகைந்தது. கடைசியில் அவனைத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னார்கள். தூரத்து வரப்பில் அவன் நிற்க, யாரோ ஒரு பங்காளிப் பையன் கொள்ளி வைத்தான். அவள் எரிவதைக்கூட அவனால் பக்கத்தில் நின்று பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை ஊர்ப்பெரியவர்கள் வாசலில் வந்து தொண்டையைச் செருமினார்கள். துக்கவீடு என்று தெரியும், ஆனால் பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடக்கின்றன என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அவன் எழுந்து போய் நடந்தான்.

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. ஒரு மதியத்தில் காட்டு வழியாக முள்ளைத் தாண்டி நடந்து, பக்கத்து டவுன் போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து, மாமனைத் தான்தான் கொன்றதாகச் சொன்னான். கையை நீட்டினார், காலைக் கொடுத்தேன் என்று சொன்னான். இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தபடி கேட்டார், நாற்காலிக்குக் கீழே தேங்கிய தண்ணீரையும் பார்த்தார். ஆனால் அவன் பின்னாலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. வேன் நிறைய வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில், பெண்டாட்டி செத்த துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது, உடையப்பன் வழுக்கி விழுந்ததை ஊரே அறியும் என்று சாதித்தார்கள். பஞ்சவர்ணமும் அதையே சொன்னாள். பூமிநாதன் அவள் முகத்தைப் பார்த்தான், அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. மழை இல்லாத அந்த டவுனிலும் ஸ்டேஷன் குழாய் காற்றைத்தான் கக்கியது. அவனை ஏற்றிக்கொண்டு வேன் புறப்படுமுன் இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கூப்பிட்டுத் தரையில் தேங்கியதை வீணாக்காமல் ஒரு வாளியில் எடுத்து வைக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் வேனில் ஒருவரும் அவனை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அவன் காலில் குத்தியிருந்த முள்ளை ஒரு பெண் மடியில் வைத்துப் பிடுங்கினாள். அப்போதுதான் பூமிநாதனுக்குத் தான் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று புரிந்தது. மழை வந்துவிட்டால் ஊர் அவனைக் காக்க வேண்டியதில்லை. வானத்தைப் பார்த்தான். அது வெளுத்துக் கிடந்தது. அது அப்படியே கிடக்கட்டும் என்று அவன் வேண்டினான். பிறகு அந்த வேண்டுதலுக்காக வெட்கப்பட்டு, பெய்துவிடட்டும் என்று வேண்டினான். ஆவணி முழுக்க, புரட்டாசி முழுக்க, நடக்கும் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒன்றாக இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டே நடந்தான். மேகம் ஒன்று வந்து கலைந்தால் அவனுக்கு மூச்சு வரும். அந்த மூச்சு வந்ததே என்று தன்மேலேயே அருவருப்பு வரும்.

ஐப்பசியில் ஒருநாள் காலை கிழக்கே கடல்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊருணிக்குள் அவன் பாதி வட்டத்தில் இருந்தான். முதல் துளி அவன் கழுத்தில் விழுந்தது, அடுத்தது களிமண்ணில் விழுந்து குழி பறித்தது, பிறகு துளி என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வானம் ஒரே சத்தமாக இறங்கியது. ஊர் முழுக்க வெளியே வந்து அண்ணாந்து வாயைத் திறந்து நின்றது. கிழவிகள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு நனைந்தார்கள். ஓடைகள் திரும்பின, கண்மாய் நிறைந்தது, மறுகால் பாய்ந்தது. மழைக்குள் எல்லார் தடத்திலும் தண்ணீர் நின்றது, எது தலைவர் தடம் என்று யாரும் தேடவில்லை. பூமிநாதன் வீட்டுக்குப் போய் வாசலைத் திறந்து வைத்து உட்கார்ந்தான். மழை பெய்த நாளெல்லாம் ஒருவரும் குடத்தோடு வரவில்லை. நடங்க தலைவரே என்று யாரும் கூப்பிடவில்லை. தெருவில் போனவர்கள் அந்த வாசலைக் கடக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்தினார்கள்.

மழை விட்ட காலையில் போலீஸ் ஜீப் வந்தது. பஞ்சவர்ணமும் வடக்குத் தெருப் பெண்கள் சிலரும் முந்தின நாளே டவுனுக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருந்தார்கள். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராகத்தான் இருந்தான். ஜீப்பில் ஏறுமுன் பஞ்சவர்ணத்தின் முன்னால் நின்றான்.

"அன்னைக்கே சொல்லிருந்தா செண்பகவல்லி பொழச்சிருப்பாளே," என்றான்.

பஞ்சவர்ணம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல ஒங்களக் கண்டு பயமா இருந்துச்சு," என்றாள். "பெறகு தாகமா இருந்துச்சு. இப்ப ரெண்டும் இல்ல."

கோர்ட்டில் அவன் எதையும் மறுக்கவில்லை. ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ஜெயிலுக்குப் போன பிறகு அவன் கால் சாதாரணக் காலாகிவிட்டது என்றும், வெயிலில் நடந்தால் மற்றவர்களைப் போலவே சுடுகிறது என்றும், அது சுடும்போதெல்லாம் அவன் அழுகிறான் என்றும் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

தமயந்தி மதுரையிலிருந்து வந்தாள். ஊர் கூடி அவளை நடுவில் உட்காரவைத்து, தலைவர் பதவிக்கு அவள்தான் நிற்க வேண்டும், எதிர்த்து ஒருவரும் நிற்க மாட்டார்கள், உடையப்பன் வீட்டை விட்டு அந்த நாற்காலி எங்கேயும் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எப்போது தெரிந்தது என்று மட்டும் கேட்டாள். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் பதிலும் சொல்லவில்லை. அவள் நிற்கவில்லை. அவள் நிற்காத பதவிக்கு மனுப் போட வேறு யாருக்கும் கை வரவில்லை. அதற்கடுத்த தேர்தலிலும் வரவில்லை. யூனியன் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடாயிற்று.

ஊர் கூடிய அன்றே அவள் தகப்பன் படத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஊர் தள்ளித் தள்ளி நின்றது. பஞ்சவர்ணம் மட்டும் புதுக் கண்மாய்த் தண்ணீரைச் சொம்பு நிறைய மோந்து வந்து, இரண்டு கையாலும் ஏந்தி அவள் முன்னால் நீட்டினாள். தண்ணீர் விளிம்பில் வழிந்தது. தமயந்தியின் உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"எனக்குத் தாகமில்ல அத்தை," என்றாள்.

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.